பால் பாத்திரத்தில் பதினோரு கற்கள்

அன்பும் மரியாதையும் உள்ள டாக்டரம்மாவுக்கு, உங்கள் பழைய சாந்து மேஸ்திரி கைகூப்பி எழுதச் சொல்லும் கடிதம்.

பட்டப்பகலில் சூரியன் மறைந்து, கோழியெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் ஆற்றுப் பாலம் நடுவில் இடிந்து, ஒரு பேருந்து முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மூன்று நாள் பாலத்தின் மேலேயே நின்றது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே வருஷம். என் மூத்தவன் தவழமாட்டேன் என்று அடம்பிடித்து, உட்கார்ந்தபடியே தரையைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். எண்ணைச் சொன்னால் எனக்கு வருஷம் பிடிபடாது. இப்படிச் சொன்னால் கிழமை வரைக்கும் வரும். அந்த வருஷம்தான் நீங்கள் செங்கல் சூளைப் பள்ளத்துக்கு ஆள் தேடி வந்து, ஒரு வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்த என்னைச் சாரத்திலிருந்து கீழே இறங்கச் சொன்னீர்கள்.

இதை எழுதுகிறவள் அந்தத் தவழாத பிள்ளையின் மனைவி, என் மருமகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பேசுவதை அப்படியே எழுது என்றால், பாதியில் நிறுத்தி, "மாமா, இதையே இப்பத்தான் சொன்னீங்க" என்கிறாள். சொன்னதையே இன்னொரு தடவை சொல்லாவிட்டால் கடிதம் எப்படி நீளும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். அதனால் கையெழுத்து கொஞ்சம் ஆடியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

உங்கள் முழங்கால் அறுவை நல்லபடி முடிந்ததாக மியூசியத்துக் கிடங்கு அதிகாரி சொன்னது. அந்தப் பெண்தான் உங்கள் மகன் வீட்டு விலாசத்தைத் தேடிக் கொடுத்தது. உங்களுக்கு எண்பத்தொன்று ஆகிறது என்றும் சொன்னது. நான் நம்பவில்லை. என் மனசில் நீங்கள் இன்னும் ஆண்பிள்ளைத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்து, எலும்பின் மேல் இருக்கிற மண்ணை வாயால் ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்று இருக்கிறது. அது நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஓட்டக்காரியின் வயிற்றில் கல் இருக்கிறது, அம்மா. நாற்பத்து மூன்று கல். நான் என் கையால் தொட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. கெட்டது என்னவென்றால், நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாலேயே உங்கள் கையில் கிடைத்திருக்க வேண்டிய கற்கள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். என்னோடு நம் பள்ளத்துச் சமையல் அண்ணனும் கூட்டு. மழைக்காலத்துக்கு முன்னால் ஓட்டக்காரியை மியூசியத்துப் புதுக் கூடத்தில் நிறுத்தப் போகிறார்கள். அவள் காலடியில் ஒரு பலகை வைத்து, இவள் எதைத் தின்றாள் என்று எழுதப் போகிறார்கள். அதில் என்ன எழுதுவது என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். இடையில் உள்ளதைப் படிக்காமல் அங்கே தாவிவிடாதீர்கள்.

முதலில் அவளை நான் மறக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பெரிய படிப்புப் பெயர் ஒன்று வைத்திருந்தீர்கள். அது யார் வாயிலும் நுழையவில்லை. லாரிக்காரர்தான் ஓட்டக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார். பார்த்தால் நெருப்புக்கோழி மாதிரி, ஆனால் பின்னால் நீள வால், முன்னால் நீளக் கை. பெரிய டைனோசர் வந்திருக்கிறது, வாயைத் திறந்தால் கத்தி கத்தியாகப் பல் இருக்கும் என்று எதிர்பார்த்து நின்றவர்களுக்கு நீங்கள் அவள் தலையைக் காட்டினீர்கள். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. பல் ஒன்றுகூட இல்லை, வெறும் அலகு. சமையல் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பள்ளம் தோண்டினோம், பொக்கை வாய்க் கிழவி" என்றார். நீங்கள் கோபப்படாமல், அவள் கண்குழியைப் பார்க்கச் சொன்னீர்கள். தலையில் பாதி கண்தான். அந்தக் குழிக்குள் வளையல் மாதிரி மெல்லிய எலும்புத் துண்டுகள் வட்டமாக அடுக்கியிருந்தன. "இவளுக்குத் தெரியாம யாரும் பக்கத்துல வந்திருக்க முடியாது" என்றீர்கள். அண்ணன் உடனே தன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

காலைச் சொல்ல வேண்டும். தொடையைவிட முழங்காலுக்குக் கீழே நீளம். பாதத்தில் மூன்று எலும்பு. நடு எலும்பு மேலே போகப் போக ஒல்லியாகி, மற்ற இரண்டுக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. ஆப்பின் அருமை கட்டட வேலைக்காரனுக்குத் தெரியும். லாரிக்காரர் மட்டும் அது ஆப்பு இல்லை, லாரிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை என்று என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டார். கடைசியில் உங்களிடம் தீர்ப்புக்கு வந்தோம். இரண்டு பேர் சொல்வதும் சரி, ஓடும்போது விழுகிற பாரத்தை அந்த எலும்பு வாங்கிக்கொள்ளும் என்றீர்கள். இரண்டு பேரும் ஜெயித்ததால் இரண்டு பேருக்கும் ருசி இல்லாமல் போயிற்று.

அவளோடு இரண்டு குட்டிகளும் இருந்தன. மூன்று பேரும் சேற்றில் கால் புதைந்து, நின்ற வாக்கிலேயே போயிருந்தார்கள். குட்டிகளின் கால் இரண்டு கம்பு மாதிரி மண்ணுக்குள் செங்குத்தாக இறங்கியிருந்ததைக் கண்ட அன்று வேலையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டோம். இவை கூட்டமாகத் திரிகிறவை, ஒன்று மாட்டினால் பக்கத்தில் இருந்ததும் மாட்டியிருக்கும் என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். அன்று மட்டும் அண்ணன் டீயை உங்கள் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா.

எலும்பைத் தனித்தனியாகப் பெயர்த்தால் நொறுங்கிவிடும், மண்ணோடு சேர்த்துக் கட்டியாக வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். கட்டியின் மேல் முதலில் நனைத்த செய்தித்தாள், அதன் மேல் பிளாஸ்டரில் முக்கிய சாக்குத் துண்டு. கை உடைந்தவனுக்கு மாவுக்கட்டுப் போடுகிற மாதிரி. அதுதான் என் வேலை. வயிற்றுப் பக்கத்துக் கட்டியைக் கட்டப் போன அன்று காலை, நீங்கள் சூளை முதலாளியோடு பேசப் போயிருந்தீர்கள். கட்டியின் மேல் வரிசையாகச் சில கூழாங்கற்கள் துருத்திக்கொண்டிருந்தன. புறா முட்டையளவு, சில அதைவிடச் சின்னது. ஈரல் நிறம், வழவழவென்று இருந்தன. என் தொழில் புத்தி என்ன சொல்லும்? மேடு இருந்தால் சாக்கு படியாது, கட்டு வீங்கித் தெரியும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வீங்கின பூச்சை யாரிடமும் காட்டாதவன் நான். சாந்து பூசுகிற கரணையின் நுனியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். பதினொன்று. எடுத்துத் தரையில் வைத்தேன்.

அப்போதுதான் சமையல் அண்ணன் டீ கொண்டுவந்தார். கற்களைப் பார்த்தார், எடுத்துத் தேய்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மேஸ்திரி, இது உனக்கு வேணுமா" என்றார். எனக்கு எதுக்கு அண்ணே என்றேன். பள்ளத்தில் காற்று சுழன்று அடிக்கும். மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு நிமிஷம் அடங்கும், ஒரு நிமிஷம் சீறும். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பாத்திரத்தின் அடியில் வழவழப்பான கல் கிடந்தால் பால் அவ்வளவு சட்டென்று பொங்காது, டக்டக்கென்று சத்தமும் கொடுத்துக் கூப்பிடும் என்பது அவர் கணக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, பதினொன்றையும் பால் பாத்திரத்தில் போட்டார். அன்றிலிருந்து டீயில் ஏடு உடையாமல் வந்தது. இந்த அத்துவானத்தில் இப்படி ஒரு டீயா என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள். நானும் அண்ணனும் பெருமையாகப் பார்த்துக்கொண்டோம்.

அன்றைக்கே, எலும்புகளை வரைகிற ஓவியர் தம்பி வந்து, கட்டுவதற்கு முன்னால் கட்டியை வரைந்தபோது, "இந்தச் சின்னச் சின்னக் குழியெல்லாம் என்ன மேஸ்திரி" என்று கேட்டார். கரணை பட்டிருக்கும் என்றேன். அவர் நல்லவர், கண்டதைக் கண்டபடி பதினோரு குழியையும் வரைந்துகொண்டார். அவர் போன பிறகு செய்தித்தாளை அழுத்தி, சாக்கைப் படியவைத்துக் கட்டினேன். கட்டு மழமழவென்று வந்தது. அந்த அழகை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய பேராசிரியர் வந்தார். கழுத்தில் டையோடு பள்ளத்தில் இறங்கினாரே, அவர்தான். உங்களுக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதம் எனக்குப் பாதி புரிந்தது. இவள் மற்ற பிராணிகளின் முட்டையையும் சின்ன ஜந்துக்களையும் தின்று வாழ்ந்தவள் என்றார் அவர். இல்லை, இலை தழை காய் தின்றவள், அந்தக் கையைப் பாருங்கள், மூன்று விரலும் ஏறக்குறைய ஒரே நீளம், நகமும் அவ்வளவாக வளையவில்லை, கிழிக்கிற கை இல்லை இது, கிளையைக் கொக்கி போட்டு வளைக்கிற கை என்றீர்கள் நீங்கள். அவர் சிரித்துக்கொண்டே, "பல்லும் இல்ல, தழையும் தின்னான்னா எதால அரைச்சா? கோழி கல்லை முழுங்கி வயித்துல அரைக்குது. உங்க கோழியோட கல் எங்க, டாக்டர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அண்ணன் நீட்டிய டீயை வாங்கி உறிஞ்சினார். அந்தப் பாலில்தான் பதினொன்றும் கிடந்தது.

"இருக்கும், தேடுவோம்" என்றீர்கள். நான்கு நாள் எல்லாரையும் சல்லடை பிடிக்க வைத்தீர்கள். நானும் பிடித்தேன். முதல் நாள் எதைத் தேடுகிறோம் என்றே எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சல்லடையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் அடுப்பில் பால் கொதித்து, டக், டக், டக் என்று சத்தம் வந்தது. என் கை நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கரண்டியோடு சிலை மாதிரி நின்றார். அவருக்கும் அதே நொடியில்தான் உறைத்திருக்கிறது.

இரண்டு பேரும் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினோம். அண்ணன் சொன்னார், "சொன்னா அம்மா இனிமே நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டாங்கடா. பேசாம எடுத்த இடத்துலயே போய்ப் பொதைச்சிருவோம், அவங்களே கண்டுபிடிக்கட்டும்." எனக்கும் ஒரு கணம் ஆசைதான். ஆனால் அந்தக் கட்டி ஏற்கெனவே கட்டுக்குள் போய்விட்டது. வேறு இடத்தில் புதைத்தால் அது பொய். உங்கள் எலும்பு விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லவோ தைரியம் வரவில்லை. லாரிக்காரர் இதையெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே தலையை நீட்டி, "ரெண்டு மாசமா நானும் அந்தக் கல்லுப்பாலைத்தானே குடிச்சேன், என் வயித்துலயும் ஏதாச்சும் அரைச்சிருக்குமா" என்றார். அந்த நிலைமையிலும் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் நீங்கள் சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, இல்லைன்னா இல்லை" என்றீர்கள். கல் கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பியது, அவர் கட்சி ஜெயித்தது, அடுத்த வருஷம் பள்ளத்துக்கும் கட்டுகளைப் பிரிப்பதற்கும் பணம் கிடையாது என்று சொன்னது, நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனது, எல்லாம் எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் வழியனுப்ப வந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "மேஸ்திரி, உங்க கட்டுல ஒண்ணுகூட விரிசல் விடல" என்றீர்கள். அதற்குப் பிறகு எதைச் சொல்வது? வண்டி போய்விட்டது.

போன மாதம் கிடங்கு அதிகாரி வீடு தேடி வந்தது. சின்னப் பெண், பெரிய கண்ணாடி. கிடங்கில் கூரை ஒழுகி, கட்டுகளின் மேல் நீங்கள் மையால் போட்ட எண்ணெல்லாம் கரைந்துவிட்டதாம். எது தலை, எது வால் என்று தெரியாமல் நாற்பது கட்டு கிடக்கிறது, பழைய போட்டோவில் கட்டின் மேல் கை வைத்து நிற்கிற ஆள் நீங்கள்தானே தாத்தா என்று கேட்டது. அந்தப் போட்டோவில் என் தலைமுடியைப் பார்த்து மருமகள் நம்பவே இல்லை.

கிடங்கு நீளமான அறை. இரும்பு அலமாரி, ஈரச் சுவர், பூச்சி மருந்து வாசனை. உள்ளே நுழைந்ததும் என் கட்டுகளெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன. எழுத்துத் தெரியாதவன் அடையாளம் வைக்காமல் இருப்பானா? பிளாஸ்டர் இறுகுவதற்கு முன்னால் கால் கட்டுக்குக் கரணையால் இரண்டு கோடு, கைக் கட்டுக்கு மூன்று விரல் பதிவு, வாலுக்கு ஒரு நெளிவு என்று வைத்திருந்தேன். எல்லாரும் அதைக் கவனக்குறைவான வேலை என்று நினைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அத்தனையையும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொண்டே, "தாத்தா, நீங்கதான் இந்தக் கிடங்கோட அட்டவணை" என்றது.

வயிற்றுக் கட்டு மட்டும் காணவில்லை. அதற்கு அடையாளம் டீ தம்ளரின் விளிம்பை வட்டமாக அழுத்தியது. அறை முழுக்கத் தேடி அலுத்து, காற்றுக்கு வாசலில் போய் உட்காரப் போனேன். கதவு மூடாமல் இருக்க ஒரு பிளாஸ்டர் கட்டைத் தூக்கி அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள். அதில் தம்ளர் வட்டம். வெறும் மண் என்று எழுதி, எறிவதற்கு ஒதுக்கி வைத்ததாம். நான் அதன் மேல் கையை வைத்து நின்றதைப் பார்த்து அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டது. அப்போதுதான், நாற்பத்தொரு வருஷம் கழித்து, ஒரு மனுஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் பாத்திரம் வரைக்கும். அது முதலில் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் அடக்க முடியாமல் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது.

மறுநாள் அந்தப் பிளாஸ்டர் கட்டை அறுத்தார்கள். செய்தித்தாள் உரிந்து வந்தது. பாலத்தின் மேல் நிற்கிற பேருந்துப் படம் அப்படியே இருந்தது. அடியில் பதினோரு குழி. கரண்டியால் சுரண்டச் சுரண்ட விலா எலும்பு தெரிந்தது. அதற்கு உள்பக்கம், ஒரு கையளவு ஆழத்தில், கோழி அடைகாக்கிற முட்டைகள் மாதிரி ஒரே குவியலாக நாற்பத்து மூன்று கல். எல்லாம் ஈரல் நிறம். அந்தப் பெண் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்து முடித்தது. நான் உங்கள் பெயரைச் சொன்னேன். இங்கே எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

மியூசியத்து மேலதிகாரி சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. வெள்ளத்தில் உருண்டு வந்த கல்லாகவும் இருக்கலாமே என்றார். நான் பேசலாமா என்று கேட்டேன். பேசச் சொன்னார். "ஐயா, அந்தச் சூளைக்காரர் அந்த மண்ணை ஓடு செய்யறதுக்கு விப்பார். ஏன்னா அதுல ஒரு கல் இருக்காது. ஒரு கல் இருந்தாலும் சூளையில ஓடு வெடிச்சிரும். வருஷக்கணக்கா வெட்டின பள்ளம் அது. கல் இருந்திருந்தா அவர் எப்பவோ கடையை மூடியிருப்பார். அந்த மண்ணுல கல்லு வரணும்னா யாராவது தூக்கிட்டு வந்திருக்கணும். இவதான் வயித்துல தூக்கிட்டு வந்தா" என்றேன். அவர் எனக்கு உட்கார நாற்காலியைத் தாமே நகர்த்திப் போட்டார். நான் அன்றைக்கே பேசி உங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பேச்சு அது. மண்ணை அறிந்தவன், கல்லைக் கண்டதும் யோசித்திருக்க வேண்டாமா?

அடுத்து அண்ணன் மகளைப் பார்க்கப் போனேன். அவள் ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறாள். வாசலில் நான் நின்றதும் ஏற இறங்கப் பார்த்து, "மேஸ்திரி சித்தப்பாதானே, ஆறு வருஷமா எங்க போயிருந்தீங்க" என்றாள். அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. கல்லைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு டீ கேட்டேன். அடுப்பில் டக், டக் என்றது. நான் பாத்திரத்தையே பார்த்தேன். அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கேளுங்க" என்றாள். எதை என்றேன். "எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு, மேஸ்திரி வருவான், வாயைத் தொறந்து கேட்டா குடு, கேக்காட்டி டீ மட்டும் குடுத்து அனுப்பிருன்னு. அதான் சொல்றேன், கேளுங்க." கேட்டேன், அம்மா. நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த கடையில், சத்தமாகவே கேட்டேன். இரண்டு கல் எப்போதோ தொலைந்துவிட்டதாம். மீதி ஒன்பதை இடுக்கியால் எடுத்து, துடைத்து, என் சட்டைப் பையில் போட்டாள். சுடச்சுட இருந்தது. பால் பொங்கினால் சித்தப்பாதான் வந்து துடைக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு.

அந்த ஒன்பதையும் கட்டியின் குழிகளில் வைத்துப் பார்த்தோம். மருமகளையும் அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கிடங்கு அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தது. முதல் கல் உட்கார்ந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. ஐந்தாவதைக் கொஞ்சம் சாய்த்தபோது சொடுக்குப் போட்ட மாதிரி இறங்கியது. ஒன்பதும் இறங்கின. அண்ணன் மகள், "எங்கப்பா டீ போட்ட கல்லு, ராட்சசி வயித்துல இருந்து வந்ததா" என்று கேட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அண்ணன் அப்படியே இருந்தார்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். அவளை இனி நாம் நினைத்த மாதிரி மொட்டை உடம்பாகக் காட்டப் போவதில்லையாம். வேறு தேசத்தில் இவள் இனத்துக்கு இறகு இருந்த தடம் கிடைத்திருக்கிறதாம். குட்டிகளுக்குப் பஞ்சு மாதிரி. வளர்ந்ததற்குக் கையில் நீள இறகு. பறக்காத பிராணிக்கு எதுக்கும்மா இறக்கை என்று கேட்டேன். ஜோடிக்குக் காட்டவும் குஞ்சுகளை மூடிக்கொள்ளவும் இருக்கலாம், உறுதியாகத் தெரியாது தாத்தா என்றது அந்தப் பெண். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அது உங்களைப் போல. மாதிரி உருவம் செய்கிறவர் என்னைக் கூப்பிட்டு, இவள் எப்படி நின்றிருப்பாள் என்று கேட்டார். நான் எழுந்து, கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கிக் காட்டினேன். மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்த நிற்பைத்தான் வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்கிறேன். கட்டியில் கல் இருக்கிறது, சரி. அந்தக் கட்டி அவள் உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும் என்கிறார் மேலதிகாரி. என் வாய்ச்சொல்லை அவர் நம்புகிறார், பலகை நம்பாதாம். அந்த ஓவியமும் அளவுகளும் உங்கள் பச்சைத் துணி அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. அதில் பதினோரு குழியையும் ஓவியர் தம்பி வரைந்திருக்கிறார். அது வந்தால், தழை தின்று கல்லால் அரைத்தவள் என்று பலகையில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுவார்கள். வராவிட்டால், உணவு உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். நான் உயிரோடு இருக்கும்போது அப்படி ஒரு பலகை அவள் காலடியில் நிற்கக் கூடாது.

நோட்டை மட்டும் தபாலில் அனுப்பினால் போதும் என்று கிடங்கு அதிகாரி உங்களுக்கு எழுதும். அதைக் கேட்காதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள். முழங்காலுக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது; கூடத்தில் படி இல்லை, சாய்தளம்தான், நான் போய்ப் பூச்சைத் தட்டிப் பார்த்துவிட்டேன், நல்ல வேலை. எங்கள் வீட்டில் காற்று வருகிற அறையை உங்களுக்கு ஒழித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று பதில் கடிதம் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதை மருமகள்தான் எனக்குப் படித்துக் காட்டுவாள், அவள் குரலில் கேட்டு எனக்கு என்ன ஆகும்? திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து, உங்கள் வாயால் திட்டுங்கள். நாற்பத்தொரு வருஷத்துக்கு உள்ள திட்டு, ஒரு நாளில் முடியாது. பத்து நாளாவது தங்க வேண்டும்.

உங்கள் மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. நீங்கள் தலைவலி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

பலகையில் நம் குழுவின் பெயர்களும் போடுவார்களாம், மருமகள் கேட்டு எழுதிக்கொண்டாள். பெரிய பேராசிரியர் பார்க்க வந்தவர்தான், குழுவில் சேர்த்தி இல்லை, அவரும் போய்ப் பல காலம் ஆகிறது. தோற்றது தெரியாமலே போனார், பாவம். ஓவியர் தம்பி மகள் வீட்டுக்குப் போன இடத்தில் போனார். லாரிக்காரர் ஓட்டுகிற வேலையை விட்ட அடுத்த வருஷமே போனார், உட்கார்ந்திருக்கத் தெரியாத மனுஷன். சமையல் அண்ணன் ஆறு வருஷத்துக்கு முன்னால் போனார். என்னை விடுங்கள், நான் கட்டினவன்தான், கண்டுபிடித்தவன் இல்லை. அவள் இதைத்தான் தின்றாள் என்று அன்றைக்கே சொன்னவர்களில் இன்றைக்கும் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருத்தர்தான், டாக்டரம்மா.